கூறு கட்டிப் படித்த இத்தாலியன்

புதுக்கடைச் சந்திப்பில் ஒரு துணிக்கடையின் மாடியில் வெளிநாட்டு மொழிப் பயிற்சி மையம் ஒன்று இருக்கிறது. போன ஆண்டு ஜூன் மாதம் சுஜி அதன் படியேறினார். செருப்பைக் கீழேயே கழற்றி விட்டிருந்தார். வேறு யாரும் கழற்றவில்லை என்பதை மேலே போன பிறகுதான் கவனித்தார்.

மையத்தை நடத்துகிற ராஜகுமார் நிமிர்ந்து பார்த்தார்.

"மீன் இஞ்ச வேண்டாம். கீழ ஓட்டல்ல போய்க் கேளு."

"மீன் கொண்டு வரல்ல சார். படிக்க வந்தேன். இத்தாலியன்."

வகுப்பில் உட்கார்ந்திருந்த பத்துப் பன்னிரண்டு பேர் திரும்பினார்கள். யாரோ சிரித்தார்கள்.

"எதுவரைக்கும் படிச்சிருக்கே?"

"பத்தாவது சார். கணக்குல தோத்துட்டேன்."

"நர்சிங் முடிச்ச பிள்ளைகளே இஞ்ச இலக்கணத்துல முழி பிதுங்கி நிக்கினும். கடப்புறத்து நாக்குக்கு இது வளையாது. டிகிரி இல்லாம பரீட்சைக்கும் விடமாட்டினும். நேரத்தைக் கெடுக்காதே, போ."

ராஜகுமார் சொன்னதில் இரண்டு பொய்கள் இருந்தன. அந்தப் பரீட்சைக்குப் பட்டம் தேவையில்லை. பதினெட்டு வயதும் அடையாள அட்டையும் போதும். இது அவருக்குத் தெரியாதா, தெரிந்தே மறைத்தாரா என்று நான் சொல்ல முடியாது. ஆனால் கடற்கரைக்காரர் நாக்கைப் பற்றிய பொய்க்கு வயது அதிகம். இந்த மாவட்டத்தில் கோயில் வாசலிலும் பள்ளிக்கூட வாசலிலும் கிணற்றடியிலும் தலைமுறை தலைமுறையாகக் காவல் நின்ற பொய் அது. இப்போது ஏ.சி. போட்ட அறைக்குக் குடி வந்திருக்கிறது, அவ்வளவுதான்.

சுஜி முட்டத்தில் பிறந்தவர். அப்பா ததேயுஸ் கட்டுமரக்காரர். சுஜி தேங்காப்பட்டணத்தில் வாழ்க்கைப்பட்டு வந்து, பதினேழு வருடமாகத் துறைமுகத்தில் ஏலம் எடுத்து, தலைச்சுமையாகக் கொண்டுபோய்ப் புதுக்கடைச் சந்தையில் மீன் விற்கிறார். பஸ்ஸில் மீன்காரி ஏறினால் மூக்கைப் பொத்துகிறவர்கள், மத்தியானச் சோற்றில் அதே மீன் இல்லாவிட்டால் தட்டைத் தள்ளுகிறவர்கள். அந்த மூக்குகளுக்கு நடுவே பதினேழு வருடம் நின்று பயணம் செய்ததில் சுஜியின் கழுத்தெலும்பு தேய்ந்துவிட்டது. முப்பத்தொன்பது வயதில் இரண்டு விரல் மரத்துப்போயிற்று. "இனி தலையில் ஒரு குடம் தண்ணீர்கூட வைக்கக் கூடாது" என்று மருத்துவர் சொன்னார். வேறு எந்த வேலை பார்ப்பது என்று அவர் சொல்லவில்லை.

அந்த நேரத்தில்தான் இத்தாலியிலிருந்து செய்தி வந்தது. சுஜியின் கணவர் எபிசனின் அத்தை மகள் அங்கே கன்னியாஸ்திரி. ஜெனோவாவுக்குப் பக்கத்தில் கடலோர ஊர் ஒன்றில் அவர்கள் நடத்தும் முதியோர் இல்லத்தின் சமையலறைக்கு ஆள் தேவை. விசாவுக்கான காரியங்களை இல்லமே பார்த்துக்கொள்ளும். ஒரே ஒரு நிபந்தனை: கடையில், மருத்துவமனையில், பேருந்தில் தன் காரியத்தைத் தானே பேசிக்கொள்ளும் அளவுக்கு இத்தாலியன் தெரியும் என்ற சான்றிதழைப் பிப்ரவரிக்குள் காட்ட வேண்டும். காட்டாவிட்டால் வேறு ஆளை எடுத்துக்கொள்வார்கள். சுஜி மருத்துவர் சொன்னதை மீறி மீன்பெட்டியைத் தலையில் சுமந்துகொண்டே இருக்க வேண்டியதுதான். கை முழுவதும் மரத்துப்போகும் வரைக்கும்.

படியிறங்கி வந்த சுஜி அழவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு நேரே சந்தைக்குப் போனார்.

மறுநாள் பிரீனா மீன் வாங்க வந்தார். இருபத்தேழு வயது நர்ஸ், புதுக்கடைக்காரர். அதே மையத்தில் மூன்று வாரமாகப் படிக்கிறார். முந்தைய நாள் அங்கே உட்கார்ந்திருந்தவர்களில் அவரும் ஒருவர். மீனைப் பார்க்காமல் வாய்க்குள் எதையோ முணுமுணுத்துக்கொண்டே நின்றார்.

"என்ன பிள்ளே, ஜெபமா?" என்றார் சுஜி.

"இல்லக்கா. இல், லோ, லா... பெயர்ச்சொல்லுக்கு முன்னால போடுற எளவு. மொத்தம் ஏழு இருக்கு. எதுக்கு எது போடணும்னு தலையில ஏறமாட்டேங்குது." பிறகு குரலைத் தாழ்த்தினார். "நேத்து நான் சிரிக்கல்ல, கேட்டியளா."

"சிரிச்சிருந்தா இன்னைக்கு உனக்குச் செவுள் கறுத்த மீனாக்கும் தந்திருப்பேன். சொல்லு, அந்த ஏழும் என்னது?"

பிரீனா செல்போனில் பார்த்துச் சொன்னார். ஆண்பால், பெண்பால், ஒருமை, பன்மை, சொல்லின் முதல் எழுத்து என்ன என்பது வேறு. சுஜி கேட்டது ஒன்றுதான்: "இதுல மீனுக்க பேரு உண்டா?"

உண்டு. அன்று மத்தியானம், சந்தை ஓய்ந்த இரண்டு மணிக்கு, மிஞ்சிய மீனைச் சுஜி பிளாஸ்டிக் தாளில் புதிய கணக்கில் கூறு கட்டினார். எங்கள் சந்தைகளில் சின்ன மீனுக்குத் தராசு கிடையாது. இத்தனை மீன் ஒரு கூறு என்று குவித்து வைப்பார்கள்; குவியலாகவே வாங்கிப் போகலாம். ஒரு சூரை, பெரிசு, தனியாக: இல் தோன்னோ. ஓர் அயிலை: லோ ஸ்கோம்ப்ரோ. அயிலை ஒரு குவியல்: ல்யி ஸ்கோம்ப்ரி. ஒரு கணவாய்: லா செப்பியா. ஊசிக் கணவாய் ஒரு குவியல்: இ கலமாரி. சாளை ஒரு குவியல்: லே சார்தீனெ. உயிரெழுத்தில் தொடங்கும் நெத்திலி மட்டும் தன் முன்சொல்லைப் பாதி விழுங்கிவிடும்: லச்சூகா.

"அயிலைக்கு மட்டும் ஏன் 'லோ'? சூரையும் அயிலையும் ரெண்டும் ஆணுதானே?" என்று கேட்டார் பிரீனா.

"சொல்லிப் பாரு. 'ஸ்கோ' ன்னு தொடங்குது. வாயிலேயே ரெண்டு முள்ளு. 'இல்' வச்சா தொண்டையில நிக்கும். 'லோ' வச்சா வழுக்கிட்டுப் போவும்."

பிரீனா சொல்லிப் பார்த்தார். வழுக்கிக்கொண்டுதான் போனது. மையத்தின் பாடப்புத்தகம் இதற்கு ஒன்றரைப் பக்கம் எடுத்துக்கொண்டிருந்தது.

மையத்தில் முதலில் ஒருமை சொல்லிக்கொடுத்து, இரண்டு வாரம் கழித்துத்தான் பன்மைக்குப் போவார்கள். சுஜி பன்மையிலிருந்து தொடங்கினார். சாளையை யார் ஒன்று வாங்குவார்கள்? குவியலில் வாழ்கிறவருக்குப் பன்மைதான் முதல் பாடம். அந்தக் குவியலிலிருந்து ஒன்றைக் கையில் எடுத்தால் அது ஒருமை.

இப்படித் தொடங்கிய ஏற்பாடு ஆறு மாதம் நடந்தது. யார் யாருக்கு ஆசிரியர் என்று கேட்டால் இருவராலும் சொல்ல முடியாது. மையத்தில் எழுதியதைப் பிரீனா கொண்டுவருவார்; சுஜி அதைச் சந்தைக்குள் இழுத்துவிடுவார். மரவள்ளிக்கிழங்கு, வெள்ளைப்பூண்டு, முட்டை, எலுமிச்சை என்று பாடம் மீனைத் தாண்டிப் பக்கத்துக் கடைகளுக்கும் பரவியது. பக்கத்தில் வாழைப்பழம் விற்கிற செல்லக்கனிக்கு இது பெரிய வேடிக்கை.

"ஏட்டி சுஜி, உனக்க மீனெல்லாம் எப்ப ஞானஸ்நானம் வாங்கிச்சு? ஒண்ணுவிடாம பேரு மாறிட்டே!"

"உனக்க மட்டிப் பழத்துக்கும் ஒரு பேரு வச்சிருக்கேன். விலை ரெட்டியாக்கும், வேணுமா?"

"அப்ப வை, வை. செந்துளுவனுக்கும் சேத்து வை."

வீட்டிலும் கேலிக்குக் குறைவில்லை. ஆழ்கடல் விசைப்படகில் போய்விட்டு இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கரைக்கு வரும் எபிசன், "ஏட்டி, நீ இத்தாலியன்ல திட்டினா எனக்கு எப்படித் தெரியும்?" என்பார். "தெரியாம இருக்கத்தானே படிக்கேன்" என்பார் சுஜி. ஆனால் மனைவியின் சொல்பட்டியலை வார்த்தை வார்த்தையாகக் கேட்டுச் சரிபார்த்ததும் எபிசன்தான்.

இத்தாலியக் கடையில் 'எனக்கு வேண்டும்' என்று நேராகச் சொன்னால் மரியாதைக் குறைவு. 'வொர்ரெய்' என்று வினையை வளைத்துச் சொல்ல வேண்டும். வகுப்பில் இதை நிபந்தனை வினை என்றார்கள். பிரீனாவுக்கு ஒன்றும் புரியவில்லை. சுஜி கேட்டதுமே சிரித்துவிட்டார்.

"பள்ளிக்கூடத்து டீச்சர் எங்கிட்ட எப்படிக் கேப்பாவ? 'சுஜி, ஒரு கூறு நெத்திலி வேணுமாயிருந்து'. இப்ப நின்னு கேக்காவ, ஆனா என்னமோ நேத்து வேணும்னு இருந்த மாதிரி சொல்லுவாவ. அதுதானே இது?"

அதுவேதான். எங்கள் மாவட்டத்து மேற்குக் கோடியின் தமிழைச் சினிமாவில் கோமாளிக்குக் கொடுத்துச் சிரிக்கிறவர்கள் உண்டு. அந்தத் தமிழின் பணிவுக்கு ரோமாபுரியில் ஒரு கூடப்பிறப்பு இருப்பதைக் கண்டுபிடித்தவர் பத்தாவது தோற்ற மீன்காரி. 'நெ' என்ற சின்னச் சொல்லும் அப்படித்தான். முன்னால் பேசிய பொருளிலிருந்து இத்தனை என்று குறிக்கும் சொல். நர்சிங் பட்டதாரிகள் பதினொரு பேர் அதில் ஒரு வாரம் தடுக்கி விழுந்தார்கள். "'அதுல ரெண்டு போடு'ங்கோமே, அந்த 'அதுல' தான்" என்று சுஜி அரை நிமிடத்தில் கடந்து போனார். இறந்தகாலத்தில் சில வினைகளுக்கு ஒரு துணைவினை, மற்றவற்றுக்கு இன்னொன்று. மீன் தானாக வருகிறது, போகிறது, சாகிறது: ஒரு கூறு. ஆள் வாங்குகிறார், விற்கிறார், வெட்டுகிறார்: இன்னொரு கூறு. இதற்கு அடங்காமல் துள்ளுகிறவற்றைப் பழைய டயரியின் கடைசிப் பக்கத்தில் தனியாக எழுதி வைத்து மனப்பாடம் செய்தார்.

எல்லாம் சுலபமாக நடந்தது என்று சொன்னால் பொய்யாகும். எழுத்து அவரைப் படுத்தியது. இரட்டை மெய் எங்கே வரும் என்பதில் அக்டோபர் முழுக்கத் தவறு செய்தார். மழையில் பெட்டி தூக்கிய ஒரு நாள், வலது கை பேனாவைப் பிடிக்கவில்லை. "எனக்கு ஏலாது மக்கா" என்று டயரியை மூடிவிட்டார். பிரீனா எழுந்து, பெட்டியைத் தன் ஸ்கூட்டரில் வைத்துக் கட்டினார். அன்றிலிருந்து பரீட்சை வரைக்கும், டியூட்டி இல்லாத நாட்களில், துறைமுகத்திலிருந்து புதுக்கடை வரை மீன் ஸ்கூட்டரில்தான் வந்தது. பிரீனாவின் வீட்டில் வாடையைப் பற்றிப் பேச்சு எழுந்ததாம். "மாசம் முழுக்க ஆஸ்பத்திரியில நான் காணாத வாடையா?" என்று அவர் முடித்துவிட்டார்.

டிசம்பரில் கொச்சியில் பரீட்சை. இருவரும் குழித்துறையில் ரயில் ஏறினார்கள். முதல் நாள் எழுத்துத் தேர்வு. கரை சேருவோம் என்ற அளவுக்குத்தான் சுஜி எழுதினார். அப்படியானால் பேச்சுத் தேர்வில் நிறைய எடுத்தாக வேண்டும். மறுநாள் காலை ஒன்பது மணிக்கு முதல் ஆளாக அவரைக் கூப்பிட்டார்கள்.

அறையில் இரண்டு இத்தாலியர்கள். கண்ணாடி போட்ட பெண்மணி பேசுவார். மற்றொருவர் மதிப்பெண் போடுவார். ஓர் அட்டையைக் கொடுத்தார்கள். அதில் இருந்த சூழல் இது: 'நீங்கள் காலையில் சந்தைக்குப் போகிறீர்கள். வீட்டுக்கு நான்கு விருந்தினர் வருகிறார்கள். மீன் நன்றாக இல்லை. கடைக்காரரிடம் அதைச் சொல்லி, வாங்க மறுத்துவிட்டு வாருங்கள்.' சுஜிக்கென்றே எழுதி வைத்தது போன்ற அட்டை. வெளியே காத்திருந்த பிரீனாவுக்குத் தெரிந்திருந்தால் துள்ளிக் குதித்திருப்பார்.

பெண்மணி கடைக்காரியாக மாறினார். "புவோன்ஜோர்னோ, சிஞ்ஞோரா! இன்றைக்கு நீங்கள்தான் என் முதல் வாடிக்கையாளர்" என்று இத்தாலியனில் சொல்லிச் சிரித்தார்.

சுஜிக்கு வாய் அடைத்துப் போனது.

சொல் தெரியாமல் இல்லை. எங்கள் பக்கத்தில் அன்றைய முதல் விற்பனைக்குக் கைநீட்டம் என்று பெயர். முதலில் வந்தவர் வெறுங்கையோடு திரும்பக் கூடாது. விற்பவர் விலையைக் குறைப்பார், வாங்குபவர் ஏதாவது ஒன்றை எடுத்துக்கொள்வார். முதல் வியாபாரம் முறிந்தால் அன்றைய நாளே விடியாது என்பது வெறும் மூடநம்பிக்கை. அதை எங்கேயும் சொல்லத் தயார். ஆனால் சுஜியை அடைத்தது அந்த நம்பிக்கை இல்லை. விடியற்காலையில் கடை விரித்து, முதலில் வந்தவர் முகத்தைச் சுளித்துக்கொண்டு போவதைப் பார்த்து நிற்பது எப்படி இருக்கும் என்று அவருக்குத் தெரியும். இன்னொரு விற்பனைக்காரிக்கு அதைச் செய்ய அவருக்கு மனம் வரவில்லை. பரீட்சையில் சும்மா நடிப்பு என்பதுகூட அந்த நொடியில் மறந்துபோனது.

மதிப்பெண் போடுகிறவர் கடிகாரத்தைப் பார்த்தார். "சிஞ்ஞோரா?" என்றார் பெண்மணி. பேனா தாளை நோக்கிப் போனது. மௌனத்துக்கு என்ன மதிப்பெண் என்று எல்லோருக்கும் தெரியும். ஆறு மாத உழைப்பும் இத்தாலி வேலையும் கழுத்தெலும்பும் அந்தப் பேனா முனையில் தொங்கின.

சுஜி வாயைத் திறந்தார்.

"மன்னியுங்கள். நானும் மீன் விற்கிறவள்" என்றார் இத்தாலியனில். "எங்கள் ஊரில் முதல் வாடிக்கையாளர் சும்மா போவதில்லை. அதனால் எனக்கு இரண்டு எலுமிச்சம்பழம் வேணுமாயிருந்து. வொர்ரெய் தூயெ லிமோனி. எலுமிச்சை நன்றாக இருக்கிறது. ஆனால் மீன் எடுக்கமாட்டேன்."

பெண்மணியின் புருவம் உயர்ந்தது. "ஏன் எடுக்கமாட்டீர்கள்? இன்று காலை வந்த மீன்!"

"இன்று வந்தது உண்மை. இன்று சாகவில்லை. கண்ணைப் பாருங்கள், உள்ளே போயிருக்கிறது. செவுளைத் தூக்குங்கள், சிவப்பாக இல்லை. அதன் மேல் நேற்றுப் போட்ட ஐஸ். யாரிடம் வாங்கினீர்கள்?"

"...மொத்த வியாபாரியிடம்."

"அவர் உங்களை ஏமாற்றிவிட்டார். நாளைக்கு நீங்களே துறைமுகத்துக்குப் போங்கள். சீக்கிரம் போங்கள். கடைசிப் படகு நல்ல படகு இல்லை."

அட்டையில் எழுதாத இடத்துக்குப் பேச்சு போய்விட்டது. பெண்மணி கடைக்காரியாகவே தொடர்ந்தார். அப்படியானால் இந்த மீனை என்ன செய்வது? கருவாடு போடலாம், உப்பு இத்தனை, வெயில் இத்தனை நாள். விருந்துக்கு என்ன சமைப்பீர்கள்? பக்கத்துக் கடையில் முட்டை இருக்கிறது, அதில் ஆறு எடுத்துக்கொள்கிறேன். அந்த 'அதில்', அதாவது 'நெ', இம்மி பிசகாமல் வந்து உட்கார்ந்தது. மற்றவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு கேட்டார். நேரம் முடிந்து நான்கு நிமிடம் கழிந்த பிறகுதான் யாரோ கதவைத் தட்டினார்கள்.

வெளியே வந்ததும் பிரீனா பாய்ந்து கையைப் பிடித்தார். "என்னக்கா, இவ்வளவு நேரம்? என்ன கேட்டாவ?"

"அவியளுக்க மீனு சரியில்ல பிள்ளே" என்றார் சுஜி. "சொல்லிட்டு வந்தேன்."

ஜனவரி கடைசியில் முடிவு வந்தது. பிரீனா தேறிவிட்டார். சுஜி எழுத்தில் எல்லைக்கோட்டுக்கு மேலே மூன்று மதிப்பெண். பேச்சில் முழு மதிப்பெண். அந்த மையத்திலிருந்து எழுதிய பதினொரு பேரில் பிரீனாவையும் சேர்த்து நான்கு பேர்தான் தேறினார்கள். மூன்றாம் நாள் துணிக்கடை மாடியில் பெரிய ஃபிளெக்ஸ் ஏறியது. 'எங்கள் மையத்தின் சாதனை மாணவிகள்' என்ற எழுத்துக்குக் கீழே, நடுவில், மற்ற எல்லோரையும்விடப் பெரிதாகச் சுஜியின் படம். முகநூலிலிருந்து எடுத்திருந்தார்கள், பின்னால் முட்டம் கலங்கரை விளக்கம்கூடத் தெரிந்தது.

அன்று சுஜி படியேறினார், செருப்போடு. பின்னால் பிரீனா, அவர் பின்னால், கடையைப் பக்கத்துக்காரரிடம் ஒப்படைத்துவிட்டு வேடிக்கை பார்க்க வந்த செல்லக்கனி.

"வாங்க, வாங்க!" என்றார் ராஜகுமார். நாற்காலி போட்டார். "நம்ம மையத்துக்கே பெருமை..."

"சார், எனக்க படத்தை இறக்கணும்."

"ஏன்மா? நல்ல விளம்பரம்தானே உனக்கும்."

"நான் இஞ்ச ஒரு நாளும் படிக்கல்ல. ஒரே ஒரு நாளு வந்தேன். அண்ணைக்கு நீங்க சொன்னது ஞாபகம் இருக்கா? இல்லேன்னா இந்தப் பிள்ளைகளுக்க முன்னால நான் சொல்லட்டா?"

வகுப்பில் புதிதாகச் சேர்ந்தவர்கள் எழுதுவதை நிறுத்தினார்கள். சுஜிக்குப் போட்ட நாற்காலியில் ராஜகுமாரே உட்கார்ந்துவிட்டார்.

"பரீட்சைக்கு டிகிரி வேண்டாம்" என்று சுஜி வகுப்பைப் பார்த்துத் திரும்பினார். "வயசும் அடையாள அட்டையும் போதும். யாராவது வேண்டாம்னு திருப்பி அனுப்பினா, சந்தைக்கு வாங்க. ரெண்டு மணிக்கு மேல இருப்பேன்."

"பழம் நான் தருவேன்" என்றார் செல்லக்கனி வாசலிலிருந்து. "இத்தாலியன் பேரு சொல்லி வாங்கினா ஒண்ணு கூட!"

மாலைக்குள் ஃபிளெக்ஸ் இறங்கியது. மறு வாரம் சந்தையில் சுஜியின் தாளைச் சுற்றி ஐந்து பெண்கள் உட்கார்ந்தார்கள். இரண்டு பேர் தேங்காப்பட்டணத்து மீன்காரிகள். ஒருவர் அந்த மையத்தில் தோற்ற நர்ஸ்.

முதியோர் இல்லத்திலிருந்து வேலைக் கடிதம் பிப்ரவரி பத்தாம் தேதி வந்தது. கன்னியாஸ்திரி மொழிபெயர்த்துத் தருவதாகச் சொன்னார். வேண்டாம் என்று சுஜி தானே படித்தார். கரைக்கு வந்திருந்த எபிசன் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு வரிக்கும் "என்ன போட்டிருக்கு? என்ன போட்டிருக்கு?" என்று துளைத்துக்கொண்டிருந்தார்.

சமையலறை உதவி என்று முதலில் பேசியிருந்த வேலை, சுஜியின் பேச்சு மதிப்பெண்ணையும் பதினேழு வருட மீன் வியாபாரத்தையும் பார்த்து மாறியிருந்தது. எழுபது முதியவர்களுக்கு நாள்தோறும் மீனும் காய்கறியும் துறைமுகச் சந்தையில் பார்த்து வாங்கும் பொறுப்பு.

"எழுபது பேருக்கு மீனா?" எபிசனின் முகம் மாறியது. "ஏட்டி, அவ்வளவையும் யாரு தூக்குவா?"

சுஜி அடுத்த வரியைப் படித்தார். ஒருமுறை படித்துவிட்டு, சரிதானா என்று மறுபடியும் படித்தார்.

"வண்டி தருவாவளாம்," என்றார். "டிரைவரும் உண்டு."